நாய்க்கு லிம்போமா: கீமோவா, பிரெட்னிசோலோன் மட்டுமா?

தாடைக்கடியில் இரு பக்கமும் நெல்லிக்காய் அளவுக் கட்டி; ஊசியில் எடுத்துப் பார்த்ததில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். ஊட்டி, கோத்தகிரிக்காரர்களுக்கு அடுத்த குழப்பம், கீமோவுக்குக் கோவை இறங்குவதா, வீட்டிலேயே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுப்பதா என்பதுதான்.

ஆயுள்
கீமோ (பல மருந்துக் கூட்டு): பி செல் (ஒருவகை வெள்ளணு) லிம்போமாவில் பெரும்பாலும் ஓராண்டு வரை.
மாத்திரை: ஒன்றிரண்டு மாதம்.

அலைச்சல், செலவு
கீமோ: ஐந்தாறு மாதத்தில் சுமார் 16 தடவை, ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை, வண்டி வாடகை.
மாத்திரை: மலிவு.

பக்கவிளைவு
கீமோ: கொண்டை ஊசி வளைவில் எடுக்கும் வாந்தி பயணத்தால் வருவது. மருந்து வாந்தி 2 முதல் 5 நாள் கழித்து வரும். மாரோபிடன்ட் என்ற வாந்தி மருந்து இரண்டுக்கும் கேட்கும். மருந்து கொடுத்த ஏழாம் நாளையொட்டி வெள்ளணுக்கள் குறையும், தொற்று எளிதில் பற்றும். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் மூன்று நாள் மலம், சிறுநீரைக் கையுறையோடு அள்ளுங்கள்.
மாத்திரை: தாகம், பசி, ஓயாத சிறுநீர். உறைபனி இரவிலும் வெளியே விட வேண்டியிருக்கும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். கூடவே மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். திடீரென நிறுத்தவும் கூடாது.

மிக முக்கியமானது: ‘மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் கீமோ’ என்று தள்ளிப்போடாதீர்கள். பிரெட்னிசோலோன் மட்டும் தின்ற புற்றணுக்கள் கீமோ மருந்துகளுக்கும் மசியாமல் போகும். முதல் மாத்திரைக்கு முன்பே முடிவெடுங்கள்.

நன்றாகத் தின்கிற, வண்டிக்குப் பழகிய நாய்க்கு, வாராவாரம் கூட்டிப்போக ஆளிருந்தால், கீமோ. இதயம் பலவீனமென்றால் கீமோ கூட்டில் ஒன்றான டாக்சோரூபிசின் ஆபத்து. அதை விட்ட கூட்டு உண்டா என்று கேளுங்கள். வண்டி ஏறினாலே நடுங்கும் கிழநாய்க்கு மாத்திரையே போதும்.