கண்மாயைக் கண்காணிக்க இலவசச் செயற்கைக்கோள் கருவிகள்: பல பருவப் பயன்பாட்டில் தெரிவது

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது, சீமைக்கருவேலம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் காப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம் ஒன்றே போதும். கணக்குத் தொடங்கக் காசில்லை, நிரல் எழுதவும் வேண்டாம். கூகுள் எர்த்தில் கண்மாயின் எல்லையை வரைந்து, கேஎம்எல் (வரைபட எல்லைக்) கோப்பாகக் காப்பர்நிகஸ் பிரவுசரில் ஏற்றினால் சரி. கோட்டைக் கரைமேல் போடாமல் 10 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். அங்கே கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர் சதுரம், ஏக்கருக்குச் சுமார் 40 வரும். கரையோரப் பிக்சலில் பாதி பனைமரம், பாதி தண்ணீர். அதைச் சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும்.

எந்த மாதப் படத்தைப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்த்திகையில் புல், நெல், முள் எல்லாமே பச்சை. தாவரப் பசுமைக் குறியீடான என்டிவிஐ எதையும் பிரித்துக் காட்டாது. பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து வெறும் தரை 0.2-க்குக் கீழே இறங்கும்போது, சீமைக்கருவேலப் புதர் மட்டும் 0.4-ஐ ஒட்டி நிற்கும். ஆண்டுதோறும் அதே வாரத்துப் படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். நடுவில் கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் புல் தளிர்த்து ஏமாற்றிவிடும், அதனால் மழைக்கு முந்தைய படமே நல்லது.

இன்னொரு சிக்கல், சமூகக் காடு திட்டத்தில் பல கண்மாய்களுக்குள் நட்ட நாட்டுக்கருவேலம். அதுவும் கோடையில் பச்சையாகவே நிற்கும், திரையில் இரண்டையும் பிரிக்க முடியாது. நேரில் போனால் ஒரு நிமிட வேலை: நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை போலிருக்கும், சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். இதைப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி ஜேசிபியை இறக்காதீர்கள். முள்ளை வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டால் தூர் துளிர்த்துவிடும். விழுந்த என்டிவிஐ கோடு மறுபடி ஏறுவதை அடுத்தடுத்த கோடைகளிலேயே வரைபடத்தில் பார்க்கலாம்.

தண்ணீரைப் பிரித்துக் காட்ட என்டிடபிள்யூஐ என்ற குறியீடு. செம்மண் கலங்கிய புதுத்தண்ணீரை இது பல நேரம் தரை என்றே காட்டும், கலங்கல் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். அப்போது சென்டினல்-2 படத்தின் ஒளிப்பட்டைகளில் பட்டை 3 (பச்சை), பட்டை 11 (குற்றலை அகச்சிவப்பு) இரண்டையும் வைத்துக் கணக்கிடும் எம்என்டிடபிள்யூஐ குறியீடு கைகொடுக்கும். பட்டை 11 மட்டும் 20 மீட்டர்ப் பிக்சல். ஆகாயத்தாமரையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ மூடிய தண்ணீர் எதிலும் தெரியாது.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகும் நாட்களில்தான் மேகமும் மூடும். அந்த வாரங்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படமான சென்டினல்-1 வேண்டும். அதில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். காற்றில் அலையடித்தால் கறுப்பு வெளிறும். நாற்று நட்ட ஆயக்கட்டு வயலும் கண்மாய்போலவே கறுக்கும். எல்லைக்கோட்டைக் கவனமாகப் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

பல ஆண்டுக் கணக்குக்கு, படங்களை மொத்தமாகக் கணக்கிடும் கூகுளின் இணையத் தளமான எர்த் எஞ்சின். இங்கே பெயரில் 'ஹார்மனைஸ்டு' என்றுள்ள சென்டினல்-2 தொகுப்பையே எடுங்கள். 2022 ஜனவரி 25 முதல் படங்களின் எண்களில் 1000 கூட்டப்பட்டு வருகிறது. அதைக் கழிக்காத தொகுப்பில் என்டிவிஐ அந்த மாதத்திலிருந்து திடீரென்று விழும். ஒரு செடியும் வெட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் பசுமை குறைந்ததாக அறிக்கை போய்விடும்.

மண்ணின் கரிமத்துக்குச் சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். அதன் ஒரு பிக்சல் 250 மீட்டர் சதுரம், அதாவது 15 ஏக்கருக்கு மேல். வட்டார நிலவரத்துக்குச் சரி. ஐந்து ஏக்கர் புஞ்சையில் கரிமம் கூடியதா என்பதற்கு அந்த எண்ணைக் காட்டக் கூடாது. அதற்கு வயலில் பத்து இடத்தில் 30 சென்டிமீட்டர் வரை மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எடுத்த இடங்களின் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்து வைத்தால் மூன்றாண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி எடுக்கலாம்.