பீட்டில் கியர்பாக்ஸில் மரை போன துளைகள்: ஹெலிகாயிலும் எஃகு புஷ்ஷும் நீண்ட காலப் பயன்பாட்டில்

சென்னையில் நான் ஓட்டிவரும் 1967ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கியர்பாக்ஸில், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) பக்க மூடியைப் பிடிக்கும் எட்டு மில்லிமீட்டர் ஸ்டட்டுகளில் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்டுகள்) சில, கேஸிங்கில், அதாவது வெளிக்கூட்டில், பிடிப்பில்லாமல் சுற்றத் தொடங்கின. ஒன்றைக் கையாலேயே கழற்ற முடிந்தது. அதன் மரைப் பள்ளங்களில் கேஸிங்கின் உலோகம் சாம்பல் நிறச் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போது, பெரிதாக்கிய துளைக்குள் புது மரை தரும் செருகிகளாக, சில துளைகளுக்கு ஹெலிகாயில் கம்பிச் சுருளும், சிலவற்றுக்கு டைம்-சர்ட் வகைக் கெட்டி எஃகு புஷ்ஷும் (உள்ளும் புறமும் மரையுள்ள குழல்) போட்டேன். பல மழைக்காலங்களுக்குப் பிறகு மூடியை மீண்டும் கழற்றிப் பார்த்ததில் இரண்டின் நிலையும் தெளிவாகத் தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

மரை ஏன் போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்தக் கேஸிங் மெக்னீசியம் கலவையால் வார்க்கப்பட்டது. சூடேறும்போது மெக்னீசியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், குளிர்ந்த நிலையில் அளவோடு முடுக்கிய ஸ்டட்டும் வண்டி ஓடிச் சூடான பின் கூடுதல் இழுவிசைக்கு உள்ளாகிறது. கசிவைக் கண்டதும் "இன்னும் ஒரு பிடி" என்று நட்டை இறுக்கிவிடும் வழக்கம் இங்கேதான் கேடாக முடிகிறது: ஸ்டட்டுக்கு ஒன்றும் ஆகாது, மென்மையான கேஸிங்கின் மரைதான் உரிந்து வரும். அந்த மூடி எண்ணெயை மட்டும் தடுத்து நிறுத்தும் தட்டு அல்ல. டிஃபரன்ஷியல் பேரிங்குகளின் முன்னழுத்தம் (ஆட்டமில்லாதிருக்கப் பொருத்தும்போதே தரப்படும் அழுத்தம்) அதன் பிடிப்பையே நம்பியிருக்கிறது. எனவே ஒரு ஸ்டட் தளர்ந்ததைக் கசிவுப் பிரச்சினையாக மட்டும் எண்ணி, எபாக்ஸி பசையை அடைத்து ஸ்டட்டைத் திருப்பி வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். வெல்டிங்கும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பில் அது சுத்தமாகப் பிடிக்காது என்பதோடு, பேரிங் இருக்கைகள் கோணிப்போகும் ஆபத்தும் உண்டு.

வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது செருகியின் பெயரைவிடத் துளையின் நேர்த்தன்மைதான். ஹெலிகாயிலுக்கு 8.3 மில்லிமீட்டர் டிரில் போதும். பிறகு அதற்கே உரிய தனி டேப்பை (மரை வெட்டும் கருவி) போட வேண்டும், சாதாரண டேப் இதற்குப் பொருந்தாது. கை டிரில்லை மட்டும் நம்பாமல், பக்கத்தில் நன்றாக இருந்த ஸ்டட்டுகளில் மாட்டும்படி ஒரு தடித்த எஃகுத் தகட்டை லேத் பட்டறையில் செய்து வாங்கி, அதிலுள்ள துளை வழியாகவே டிரில்லை இறக்கினேன். அந்தத் தகட்டுக்கு ஆன செலவு செருகிப் பெட்டியின் விலைக்கு அருகில் வந்தது. ஆனாலும் மூடி எந்த ஸ்டட்டிலும் இடிக்காமல் வழுக்கி உட்கார்ந்தது அதனால்தான். மெக்னீசியத் துகள் எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது; ஆகவே டிரில்லை மெதுவாக ஓட்டி, துகள்களை அவ்வப்போது அகற்றி, உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஹெலிகாயிலைத் திருகி இறக்கிய பின் அதன் அடியில், கருவி பிடித்துத் திருகுவதற்காக உள்ள வாலை உடைத்து எடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. துளை எண்ணெய் அறைக்குள் திறந்திருந்தால் அந்தச் சிறு துண்டு பற்சக்கரங்களிடையே போய்ச் சேரலாம். அது துருப்பிடிக்காத எஃகு என்பதால் வடிகால் பிளக்கின் காந்தம் பிடித்துவிடும் என்று நம்பவும் முடியாது. துளையின் மறுபுறத்தைத் துணியால் அடைத்து, உடைந்த வாலை இடுக்கியால் எடுத்துக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த துளைக்குப் போனேன். புஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக, அதன் விளிம்பு உட்காரும் பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு வெட்ட வேண்டும். விளிம்பு சற்றே மேலே நின்றாலும் மூடி கேஸ்கெட்டின் மேல் முழுதாகப் படியாது.

இனி, கழற்றிப் பார்த்தபோது கண்டது. எந்தச் செருகியும் கேஸிங்கைப் பிய்த்துக்கொண்டு வரவில்லை, எந்த நட்டும் தளர்ந்திருக்கவில்லை. ஆனால் வெளிப்பக்கம் ஈரம் படும் கீழ்த் துளைகளில், பூச்சு இல்லாமல் போட்ட ஒரு ஹெலிகாயிலைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எஃகும் மெக்னீசியமும் உப்புக் காற்றின் ஈரத்தில் சேர்ந்திருந்தால் மெக்னீசியம்தான் அரிக்கப்படும். அந்த ஸ்டட்டைக் கழற்றும்போது சுருளும் கூடவே பாதி வெளியே வந்துவிட்டது. துத்தநாகக் குரோமேட் பிரைமரை ஈரமாகத் தடவிப் போட்ட துளைகளில், அது ஹெலிகாயிலானாலும் புஷ்ஷானாலும், அரிப்பின் தடமே இல்லை. இரு செருகிகளுக்கும் இடையில் எதிர்பார்த்ததைவிட இந்தப் பூச்சு காட்டிய வேறுபாடு பெரிது.

என் தேர்வு இப்போது இப்படி இருக்கிறது. ஒருமுறை மாட்டினால் நெடுநாள் அசையாத ஸ்டட்டுகளுக்கு, விட்டத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள ஹெலிகாயிலைப் பிரைமரோடு போட்டால் போதும். துளைக்குச் சுற்றிலும் வார்ப்பு மெல்லியதாக உள்ள இடத்தில் அதுவே பாதுகாப்பானதும்கூட. அடிக்கடி கழற்றி மாட்டும் போல்ட்டுகளுக்குக் கூடுதல் விலை கொடுத்துக் கெட்டி புஷ்ஷையே போடுவேன். எண்ணெய் பிளக்குகளைப் பொறுத்தவரை, 17 மில்லிமீட்டர் ஆலன் சாவி கையில் நீளமாக இருப்பதால் மிகையாக முடுக்கிவிடுவது எளிது. 20 நியூட்டன் மீட்டரே போதுமானது என்பதால் முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள், வடிகால் பிளக்கைத் திறக்கும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்றும் பாருங்கள். பக்க மூடியில் இன்னும் மூல மரையிலேயே நிற்கும் ஸ்டட்டுகளை நான் தொடவில்லை; நட்டை முடுக்கும்போது அவை கெட்டியாக நிற்கும்வரை அவற்றைத் துளைக்கும் எண்ணமும் இல்லை.