ஸ்பெர்மிடின் கேப்ஸ்யூல்: நினைவாற்றலுக்கு என்று வாங்குவதற்கு முன்

"நினைவாற்றலுக்கும் செல் புதுப்பிப்புக்கும்" என்று டப்பாவில் போட்டு விற்கிற கோதுமை முளைக்கருச் சாறு கேப்ஸ்யூலைச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டேன். 5-க்கு 2 தருகிறேன். விழுங்க எளிது, வயிற்றைக் கெடுக்கவில்லை, டப்பாவைத் திறந்தால் லேசான மாவு வாசனை, அவ்வளவுதான். எனக்குப் பிரச்சினை லேபிளோடும், அது மூளையைப் பற்றிச் சொல்வதோடும்தான்.

முன்பக்கத்தில் பெரிதாக 800 மில்லிகிராம் என்று இருக்கிறது. அது சாற்றின் எடை. நாம் காசு கொடுப்பது அதில் இருக்கும் ஸ்பெர்மிடின் என்ற இயற்கைச் சேர்மத்துக்கு, அது ஒரு நாள் அளவில் 1 மில்லிகிராம் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு உணவிலிருந்தே தினமும் சுமார் 10 மில்லிகிராம் ஸ்பெர்மிடின் கிடைக்கிறது. சோயா, காளான், பட்டாணி, முதிர்ந்த பாலாடைக்கட்டி எல்லாவற்றிலும் இருக்கிறது. குடல் பாக்டீரியாவும் தன் பங்குக்குத் தயாரிக்கிறது. இதற்கு மேல் 1 மில்லிகிராம் சேர்ந்தால் என்ன மாறும் என்பதற்கு லேபிளில் பதில் இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம், ஸ்பெர்மிடின் சேர்ந்த பாலியமீன்கள் என்ற குடும்பத்து வேதிப்பொருள்களை நம் செல்கள் தாங்களே செய்துகொள்கின்றன. ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசின், அதிலிருந்து ஸ்பெர்மிடின், அப்புறம் ஸ்பெர்மின். முதல் படியைச் செய்யும் நொதியின் பெயர் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். பாலூட்டிகளின் புரதங்களில் மிகக் குறைந்த ஆயுள் உள்ளவற்றில் இதுவும் ஒன்று, செல்லில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. செல்லுக்குள் பாலியமீன் கூடினால், புரதம் செய்யும் ரைபோசோம் ஒரு குறிப்பிட்ட மரபுச் செய்தியைப் படிக்கும்போது ஓர் எழுத்து தாண்டிப் படிக்கிறது, அதனால் ஆன்டிசைம் என்ற புரதம் முழுதாக உருவாகிறது, அது அந்த நொதியைப் பிடித்துக்கொண்டுபோய் அழிக்கக் கொடுக்கிறது, போதாததற்கு வெளியிலிருந்து பாலியமீன் உள்ளே வருவதையும் குறைக்கிறது. இவ்வளவு நுணுக்கமான கட்டுப்பாடு எனக்கு இன்றும் வியப்புதான். மேலே இருந்து கொட்டினால் தானாக அளவு ஏறிவிடும் என்று விளம்பரம் நினைக்கவைக்கிறது, ஆனால் வரவு கூடினால் செல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். மிஞ்சியதன் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டி வெளியே தள்ளும், இல்லையென்றால் ஸ்பெர்மினை ஸ்பெர்மிடினாகவும் ஸ்பெர்மிடினைப் புட்ரெசினாகவும் திருப்பிவிடும்.

உறுப்புக்கு உறுப்பு நிலைமை வேறு என்பதையும் டப்பா சொல்வதில்லை. கணையத்தில் ஸ்பெர்மிடின் மிக அதிகம். புரோஸ்டேட் ஸ்பெர்மினை விந்தில் சுரக்கிறது, 1678-லேயே டச்சு அறிவியலாளர் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் கண்ட படிகங்கள் அதன் உப்புதான். கல்லீரலில் பாலியமீன்கள் வேகமாகப் புழங்கி மாறுகின்றன. வளர்ந்த மூளையில் நிலைமை வேறு: புட்ரெசின் குறைவு, ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் மெதுவாகத்தான் மாற்றீடு ஆகின்றன, ரத்தத்திலிருந்து உள்ளே போவதும் சொற்பம். நரம்பு இழைகள் அடங்கிய வெண்பொருள் நிறைந்த பகுதிகளில் ஸ்பெர்மிடின் கூடுதலாக இருக்கும். ஸ்பெர்மின், நரம்புச் செல்களின் சமிக்ஞைக்கு உதவும் என்எம்டிஏ ஏற்பிகளையும் சில பொட்டாசியம் கால்வாய்களையும் நேரடியாகப் பாதிக்கிறது, அதனால் மூளை இதன் அளவைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. ரத்த ஓட்டம் தடைபட்டாலோ அடிபட்டாலோ மூளையில் புட்ரெசின் உயர்கிறது. அதாவது மூளையில் பாலியமீன் ஏறுவது எப்போதுமே நல்ல செய்தி இல்லை. ஸ்பெர்மினை உடைக்கும் ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, தொடர்ந்து அக்ரோலின் என்ற நச்சும் உருவாகலாம்.

சரி, வாயால் சாப்பிட்டால் போய்ச் சேருகிறதா? 2021-இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு ஸ்பெர்மிடின் கொடுத்தபோது கொஞ்சம் மூளையை எட்டியது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஹைப்புசின் என்ற மாற்றப்பட்ட அமினோ அமிலத்தைப் பெற்ற இஐஎஃப்5ஏ புரதமும் கூடியது. புரத உற்பத்திக்கு உதவும் இந்தப் புரதத்துக்கு ஹைப்புசின் கிடைக்க ஸ்பெர்மிடின்தான் மூலம், ஆகவே இது அலட்சியப்படுத்த வேண்டிய முடிவு இல்லை. ஈஸ்ட், ஈ, புழு ஆகியவற்றில் ஸ்பெர்மிடின் ஆயுளை நீட்டியதாக 2009-இல் வந்த முடிவும் அப்படித்தான். மனிதரில் கதை வேறு. ஆரோக்கியமானவர்களுக்குத் தினமும் 15 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வில் ரத்தத்தில் ஸ்பெர்மிடின் கூடவில்லை, ஸ்பெர்மின்தான் கூடியது. பெர்லினில் நடந்த சோதனையில் நினைவு மங்குவதாக உணர்ந்த 100 முதியவர்கள் 12 மாதங்கள் தினமும் 0.9 மில்லிகிராமோ மருந்தில்லாத போலி மாத்திரையோ எடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: நினைவுத் தேர்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நான் வாங்கிய டப்பாவின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். எனக்கும் நினைவில் எந்த மாற்றமும் தெரியவில்லை, ஆனால் ஒருவர் அனுபவத்தை யாரும் ஆதாரமாக எடுக்கக்கூடாது, அந்த 100 பேரைத்தான் பார்க்கவேண்டும்.

விற்பனையாளரிடம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் ஸ்பெர்மிடின் அளவைச் சோதித்த அறிக்கை கேட்டேன். லேபிளில் இருக்கும் வாசகத்தையே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நட்சத்திரம் போனது இதற்காகத்தான்.

கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் (குளூட்டன் ஒவ்வாத குடல்) நோயோ உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கவேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதியும் அவர்களை விலக்கித்தான், மற்ற பெரியவர்களுக்கு நாளைக்கு 6 மில்லிகிராம் ஸ்பெர்மிடின் வரை, தரப்பட்டிருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேளுங்கள். பல கட்டிகள் பாலியமீனை வைத்துத்தான் வேகமாக வளர்கின்றன, பாலியமீன் தயாரிப்பின் அந்த முதல் நொதியை முடக்கும் எஃப்ளோர்னிதின் என்ற மருந்துக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் நியூரோபிளாஸ்டோமா என்ற, குழந்தைகளுக்கு வரும் நரம்புப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்ததே அதனால்தான். டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இருந்திருக்கவேண்டும்.