‘300 கிலோ தாங்கும்’ என்று எழுதியிருந்ததை நம்பினேன்

பெஞ்ச் உடைந்தபோது என் கைகளில் இருந்தது 60 கிலோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பொய் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டிலேயே எடைப்பயிற்சி செய்யலாம் என்று படுத்துத் தூக்கும் பெஞ்ச், எடை மாட்டும் நீளக் கம்பியான பார், அதில் கோக்கும் தட்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு ‘ஒலிம்பிக் செட்’டை இணையத்தில் பார்த்து வாங்கினேன். ‘தாங்கும் எடை 300 கிலோ’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் எடை 76. தூக்குவது 60. இரண்டையும் கூட்டினாலும் பாதியைத் தொடவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். பார் கைநழுவினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பிகளைத் தனியாக வாங்க வேண்டும் என்றார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அவை தேவைப்படாது என்று விற்பனையாளரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் அவர்மீது எனக்குக் கோபம் தீரவில்லை.

நான்காவது மாதம், மூன்றாவது சுற்றின் கடைசித் தூக்கல். பாரை நெஞ்சருகே இறக்கும்போது முதுகுப் பலகை திடீரெனக் கீழே போனது. பார் விலா எலும்புகளின்மேல் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு முனைகளிலும் தட்டு நழுவாமல் பிடிக்கும் கிளிப் மாட்டியிருந்ததால் சாய்த்துத் தட்டுகளை நழுவவிடவும் வழியில்லை. குரல் எழும்பவில்லை. பலகை தரையில் மோதிய சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். “அண்ணா, அசையாதே, நான் தூக்குகிறேன்” என்றவன் பாரைத் தூக்கிய பிறகுதான் மூச்சை முழுதாக இழுக்க முடிந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் இருமக்கூட முடியவில்லை. தம்பி அன்று வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பயமாக இருக்கிறது.

மறுநாள் பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். முதுகுப் பலகையைத் தாங்கும் குழாய், சட்டத்தோடு சேரும் இடத்தில் சுற்றிலும் வெல்டிங் இருக்க வேண்டும். அங்கே இரண்டு இடங்களில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டியிருந்தார்கள். மீதி இடைவெளியில் பட்டி பூசி, அதன்மேல் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பட்டி உதிர்ந்தது. வெர்னியர் வைத்து அளந்தால் குழாயின் சுவர்க்கனம் வெறும் 1.2 மில்லிமீட்டர். பாரை ஏற்றிவைக்கும் சட்டங்களான நல்ல ராக்குகளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

சந்தேகம் வந்துவிட்டதால் குளியலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தோம். தட்டை நெஞ்சோடு அணைத்தபடி தராசில் ஏறி, வரும் எண்ணிலிருந்து நம் எடையைக் கழித்தால் போதும். ‘10 கிலோ’ என்று அச்சிட்ட நான்கு தட்டுகளில் இடப்பக்கம் இருந்தவை 8.7, 9.1. வலப்பக்கம் இருந்தவை 10.3, 10.1. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 2.6 கிலோ வித்தியாசம்! தட்டுகளைக் கழற்றி மாற்றும் வழக்கம் எனக்கில்லை. பார் எப்போதும் வலப்பக்கம் தாழ்வதைப் பார்த்து, என் வலது தோள்தான் பலவீனம் என்று முடிவுகட்டி, இரண்டு மாதம் அந்தக் கைக்கு மட்டும் கூடுதலாக டம்பெல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். என் உடம்பின்மீதே என்னைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்கள்.

அந்தத் தட்டுகள் இரும்பும் அல்ல, பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமென்ட்டுக் கலவை. இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு. அதனால்தான் தட்டுகள் அவ்வளவு தடிமனாக இருந்து பாரின் முனையை அடைத்துக்கொண்டன.

பாரின் கதை இன்னும் மோசம். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் என்றால் 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம், பிடிக்கும் இடம் 28 மில்லிமீட்டர் விட்டம், தட்டு மாட்டும் முனை 50 மில்லிமீட்டர். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். இரண்டிலும் முனைகள் தனியாகச் சுழல வேண்டும். எனக்கு வந்தது 25 மில்லிமீட்டர் உள்ளீடற்ற கம்பி. முனையில் 50 மில்லிமீட்டர் தெரிவதற்காக மேலே ஓர் உறையைச் செருகியிருந்தார்கள். சுழலவே இல்லை. எடை 9.2 கிலோ. ஆக, நான் 60 என்று குறித்துவைத்தது உண்மையில் 47 சொச்சம். 300 கிலோ தாங்க வேண்டிய பெஞ்ச், என்னையும் சேர்த்து 124 கிலோவுக்குள் உடைந்திருக்கிறது.

விற்பனையாளரிடம் கேட்டேன். 300 கிலோ என்பது அசையாமல் வைத்த எடைக்கு என்றார்கள். அடுத்த கடிதத்தில், அது பெஞ்சுக்கு அல்ல, பாரைத் தாங்கும் கொக்கிகளுக்கு என்றார்கள். அதற்கடுத்து, போல்ட்டை நான் சரியாக முடுக்கவில்லை என்றார்கள். உடைந்தது போல்ட் இல்லை, வெல்டிங் என்று படம் அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: எடை எண்ணைப் பார்த்ததும் அது எந்தப் பாகத்துக்கு, உங்கள் உடல் எடையும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். அடிப்பக்க வெல்டிங்கின் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பாதுகாப்புக் கம்பியுள்ள ராக்கும் உறுதியான பெஞ்சும்தான் முதல் செலவு. தட்டுகளைப் பழையதாக வாங்கினாலும் குறைவில்லை, வார்ப்பிரும்பில் துரு பிடித்தாலும் தேய்த்தால் போய்விடும். பெட்டி வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். பாதுகாப்புக் கம்பியில்லாமல் தனியாகப் படுத்துத் தூக்க நேர்ந்தால் கிளிப் மாட்டாதீர்கள்.

நேற்று மாலை அந்த விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். அதே படம், அதே 300.