மூன்று மாத லவுஞ்ச் சந்தா எடுக்கலாமா?

மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற தோழி கேட்டாள்: "மூணு மாசத்துக்கு மட்டும் லவுஞ்ச் மெம்பர்ஷிப் தர்றாங்களாமே, எடுக்கலாமாடி?" விமான நிலையத்தில் காத்திருக்கும்போது உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாறுகிற ஓய்வுக்கூடம்தான் லவுஞ்ச். அப்படி ஒரு மூன்று மாதச் சந்தா எடுத்து, அம்மாவும் நானும் சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன் போய் வந்தோம். சந்தா முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. அவளுக்கு நான் சொன்னது இது.

சென்னையில் நள்ளிரவு விமானம். சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா என்று எல்லாக் கூட்டமும் ஒன்றாகக் குவிகிற நேரம். வாசலில் வரிசை. "ஃபுல் மேடம், வெயிட் பண்ணுங்க." நாற்பது நிமிடம் நின்றோம். மூட்டுவலி தாங்காமல் அம்மா கைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் போர்டிங் அழைத்துவிட்டார்கள். இடமிருந்தால்தான் அனுமதி என்று விதிமுறையில் இருக்கிறது, மறுக்கவில்லை. பணம் வாங்குகிற பக்கத்திலேயே அதைப் பெரிதாகப் போட்டிருக்க வேண்டாமா? திரும்பும்போது சிங்கப்பூரிலும் மாலையில் இதே பதில். போக வர நான்கு முறை லவுஞ்சுக்குள் போகலாம் என்று நினைத்ததில் இரண்டு போயிற்று.

விலையையும் பார். நான் எடுத்தது வேறு, ஆனாலும் பல நாட்டு லவுஞ்சுகளுக்கும் செல்லுகிற, எல்லோருக்கும் தெரிந்த பிரையாரிட்டி பாஸ் சந்தாவையே எடுத்துக்கொள். அடிப்படைத் திட்டம் வருடத்துக்கு 99 டாலர், நுழையும்போதெல்லாம் 35 டாலர் தனி. நான்கு முறைக்கு 239. ஒரு தடவைக்கு அறுபது டாலர் விழுகிறது, கூட வருபவருக்குத் தனிக் கட்டணம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்து மூன்றாம் முனையத்தில் சினிமா அரங்கே இலவசம். கால் பிடித்துவிடும் இயந்திரமும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். முதலில் உன் கிரெடிட் கார்டிலேயே லவுஞ்ச் அனுமதி இருக்கிறதா பார். வெளிநாட்டு லவுஞ்சும் சேர்த்தியா, போன காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று கேள்.

போகும்போது சிங்கப்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விடியற்காலை, லவுஞ்ச் காலியாக இருந்தது. கேட்டதும் குளியலறைச் சாவியும் துண்டும் தந்தார்கள். அம்மா வெந்நீரில் குளித்து, புடவை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார். வீங்கியிருந்த கால் கொஞ்சம் வற்றியிருந்தது. "இப்பத்தான் மனுஷி ஆனேன்" என்று சொல்லிக் காபியை ரசித்துக் குடித்தார். அடுத்த எட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு தடவைகூட முனகவில்லை.

உனக்கு வேண்டாம். நீ தனியாகப் போகிறாய், கால் நன்றாக இருக்கிறது. தை மாதம் அம்மா மறுபடி வருகிறார். அதற்கு நான் எடுக்கத்தான் போகிறேன், இந்தத் தடவை நேரம் குறித்து முன்பதிவு செய்ய விடுகிற லவுஞ்சாகப் பார்த்து.