ரைல்ஸ் ட்யூப்: பெயரும் தரமும்

மருந்துக் கடையில் "ரைஸ் ட்யூப் ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கு வழியாக இரைப்பை வரை செல்லும் குழாய் இது. அதில் கஞ்சி ஊற்றுவதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ரைல்ஸ் ட்யூப், ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்தவர், 1921-ல் இந்தக் குழாயைப் பற்றி எழுதினார். கஞ்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டுதான். அந்தக் காலத்தில் வெறும் வயிற்றில் ஓட்ஸ் கஞ்சி குடிக்க வைத்து, கால் மணிக்கு ஒருமுறை இரைப்பைச் சாற்றை இதன் வழியே உறிஞ்சி அமிலத்தை அளப்பார்கள். ஊட்டுவதற்கு அல்ல, எடுப்பதற்கு வந்த குழாய் இது.

இன்று கடையில் கிடைக்கும் பிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) ரைல்ஸ் ட்யூபிலும் அந்தக் குணம் மாறவில்லை. பெரியவர்களுக்கான 16-ம் எண் குழாய் 5.3 மி.மீ. தடிமன், மூன்று எண் சேர்ந்தால் ஒரு மி.மீ. என்பது கணக்கு. வெளியே இருக்கும் முனையின் நிறம் ஆரஞ்சு. 14 என்றால் பச்சை. நுனியில் எஃகுக் குண்டுகள், அதற்கு மேலே பக்கவாட்டுத் துளைகள். குடல் அடைப்பில் வயிற்றைக் காலி செய்ய இது அருமையான பொருள், விலையும் குறைவு.

மாதக்கணக்கில் ஊட்டத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வயிற்று அமிலத்தில் பிவிசி நாளடைவில் விறைத்து மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கும். பக்கவாத நோயாளிக்கு மெல்லிய பாலியூரிதேன் குழாயை டாக்டரிடம் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வாரக்கணக்கில் தாங்கும்.

குழாய் அடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடியாகாத மாத்திரையும்தான். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே.

மூக்கருகே குழாயில் உள்ள அளவைப் பேனாவால் குறித்து வையுங்கள். குறி வெளியே நகர்ந்திருந்தால் ஊட்டாதீர்கள். நுனி இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்பக் கூடாது, நுனி நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். குழாயில் உறிஞ்சிய நீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்ரே. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் எஃகுக் குண்டு இருப்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.