டவுட்டா, சஸ்பெக்ட்டா?

லேப்டாப் திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. சர்வீஸ் பிரிவுக்கு மின்னஞ்சலில் 'ஐ டவுட் தட் த பேட்டரி இஸ் டெட்' என்று எழுதினேன். பேட்டரிதான் போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம், அதைத்தான் சொல்ல வந்தேன். அவர்கள் பேட்டரியைத் தொடவே இல்லை. சார்ஜரை மாற்றச் சொன்னார்கள், மதர்போர்டைச் சோதித்தார்கள், ஒரு வாரம் போயிற்று. 'பேட்டரி போயிருக்கும் என்று தோன்றவில்லை' என்றல்லவா நான் எழுதியிருக்கிறேன்! அன்றிலிருந்து இந்த மாதிரி இடங்களில் எனக்கு சஸ்பெக்ட்தான்.

இரண்டுக்கும் தமிழில் சந்தேகம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் டவுட் 'இருக்காது' என்ற பக்கம் சாயும், சஸ்பெக்ட் 'இருக்கும்' என்ற பக்கம் சாயும். எது வேண்டும் என்பதை நம் வாக்கியத்தின் வாலே காட்டிக்கொடுக்கும். 'அவர் வருவாரா என்று சந்தேகம்': ஆகாரக் கேள்வி, வரமாட்டார் என்றே மனம் நினைக்கிறது, ஆகவே டவுட். 'அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்': இதில் கேள்வியே இல்லை, பாதி முடிவுகட்டியாயிற்று, ஆகவே சஸ்பெக்ட். 'எடுத்திருப்பாரோ' என்று ஓகாரம் வந்தால்தான் இடறுகிறது. பெரும்பாலும் சஸ்பெக்ட் பொருந்துகிறது, ஆனால் 'நேரத்துக்கு வந்து சேருவாரோ என்னவோ' என்றால் டவுட்தான் சரி. இதற்கு விதி சொல்லும் துணிவு எனக்கில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பிறப்பைப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரிகிறது. சஸ்பெக்ட் லத்தீனிலிருந்து வந்தது. 'சப்' என்றால் கீழே, 'ஸ்பெகெரே' என்றால் பார்ப்பது. தலையை நிமிர்த்தாமல், புருவத்துக்கு அடியிலிருந்து ஒருவரை நோட்டமிடும் பார்வை அது. இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நோட்டமிட வேண்டுமானால் எதிரே ஓர் ஆளோ பொருளோ இருந்தாக வேண்டும். அதனால்தான் காவல்துறையின் சந்தேக நபரும் சஸ்பெக்ட். அப்படிப் பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில், வினைச்சொல்லானால் இரண்டாவதில்.

டவுட்டின் மூலம் 'துபிதாரே'. இரண்டு என்ற பொருளுள்ள 'துவோ'வுக்கு உறவு. நாம் இரண்டு மனசு என்கிறோமே, அதேதான். பிரெஞ்சு வழியாக வந்தபோது அதில் 'பி' எழுத்து கிடையாது. லத்தீனைப் பின்பற்றிப் பிற்பாடு சேர்த்தார்கள், அதனால்தான் அது இன்றும் ஒலிப்பதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'இப்படி ஆகியிருக்குமோ என்று அஞ்சுகிறேன்' என்ற பொருளிலும் டவுட் வழங்கியது. என் மின்னஞ்சலை அந்தக் காலத்து ஆள் சரியாகவே படித்திருப்பார்! இன்று அந்தப் பொருள் பொதுவழக்கில் இல்லை.

சஸ்பெக்ட்டை எடுத்துக்கொண்டவர்கள் சஸ்பிஷஸில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'ஹி இஸ் சஸ்பிஷஸ்' என்றால் சந்தேகப்படுகிறவரும் அவராக இருக்கலாம், சந்தேகத்துக்கு இடம் தருகிறவரும் அவராக இருக்கலாம். முதல் பொருளுக்கு 'சஸ்பிஷஸ் ஆஃப்' என்று ஓர் 'ஆஃப்' சேர்ப்பேன், இரண்டாவதற்கு 'லுக்ஸ் சஸ்பிஷஸ்' என்று எழுதிவிடுவேன்.